கரும்புப் புகையும் கியூர்பிப் தூறலும்: வாசகர் கேள்வி பதில்

மொரீஷியஸில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் நமக்கு வரும் கடிதங்களிலும் புகை வாடை அடிக்கத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை புகை, மேகம், மழை பற்றியே இருந்ததால் எல்லாவற்றையும் ஒரே இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: போர்ட் லூயிஸில் கறுத்துத் திரண்ட மேகம்கூடப் பல நாள் சும்மா கலைந்து போகிறது. எங்கள் ஊரிலோ மெல்லிசாக ஒரு மேகம் தவழ்ந்து வந்தாலே மாவு சலித்தது போல் தூறுகிறது. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. இவ்வளவு சின்ன மேகத்துக்கு மழை எங்கிருந்து வருகிறது? – வாசகி, கியூர்பிப்

பதில்: பாதி மலையிலிருந்து, பாதி உப்பிலிருந்து, அம்மா. மலைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தென்கிழக்குக் கடற்காற்று உங்கள் ஊர் இருக்கும் தீவின் நடுமேட்டில் மோதி 550 மீட்டர் ஏறுகிறது, ஏறினால் குளிர்கிறது. நடுமேட்டில் ஆண்டுக்கு 4000 மி.மீ. வரை பெய்வதும், மேற்குக் கரையின் சில இடங்களில் 1000 மி.மீ.கூடத் தேறாததும் அதனால்தான்.

உப்பின் பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நீராவி தானாகத் துளியாகாது, ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். துகளே இல்லாத காற்றில் ஈரப்பதம் நூறு விழுக்காட்டைத் தாண்டிப் பல நூறுக்குப் போனால்தான் துளி பிறக்கும். நிஜ மேகத்திலோ அது 101-ஐத் தொடுவதே அபூர்வம். கடலுப்பு, புகை, கந்தக உப்பு போன்ற துகள்கள் கருவாக நின்று அந்த வேலையை முடித்துக் கொடுக்கின்றன. ஒரு மேகக் கரு ஏறத்தாழ 0.1 மைக்ரான் இருக்கும். தலைமுடியின் தடிமனில் ஐந்நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். சுத்தமான கடற்காற்றில் உருவாகும் மேகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 50 முதல் 100 துளிகள் இருக்கும். புகை மூடிய நிலப்பரப்பின் மேல் 500, ஆயிரம் என்று போகும். இருக்கும் தண்ணீர் ஒன்றுதான். பங்கு கேட்பவர்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது பெரிய உருண்டை. மேகத் துளியின் விட்டம் 20 மைக்ரான் என்றால் அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும், அதாவது மிதக்கிறது. 2 மி.மீ. மழைத்துளி ஒன்று உருவாக அப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர வேண்டும். துளிகளின் விட்டம் சுமார் 28 மைக்ரானை எட்டியபிறகுதான் அந்த மோதல் சூடுபிடிக்கும். நம் கடற்காற்றில் துளிகள் பெரிசாகவே பிறப்பதால் அந்த எல்லையை மேகம் உயரமாக வளர்வதற்கு முன்பே தொட்டுவிடுகின்றன. போதாததற்கு, அலை நுரை உடையும்போது சில மைக்ரான் அளவுள்ள தடித்த உப்புத் துகள்களும் மேலே போகின்றன. அவை எண்ணிக்கையில் மிகக் குறைவு, ஆனால் மோதலைத் தொடங்கி வைப்பவை அவைதான். உங்கள் ஊர்த் தூறலில் பனிக்கட்டிக்கு வேலையே இல்லை. இரண்டு, இரண்டரை கி.மீ. உயரத்தில் நிற்கும் அந்த மேக உச்சி பூஜ்ஜியம் டிகிரிக்கு மேலேயே இருக்கும்.

துணிக்கு நம்மிடம் வழி இல்லை, அம்மா.

கேள்வி: வெட்டுக்கு முன் கரும்புத் தோகைக்குத் தீ வைக்கிறார்கள். "புகை போட்டால் மழை ஓடிவிடும்" என்பது எங்கள் பெரியவர்கள் பேச்சு. அதில் உண்மை உண்டா? – ஆறு ஆர்பான் (ஏறத்தாழ ஆறு ஏக்கர்) கரும்பு வைத்திருக்கும் வாசகர், ஃபிளாக்

பதில்: ஐயா, உங்கள் பெரியவர்கள் கேட்ட அதே கேள்விதான் மேகக் கரு ஆய்வுத் துறைக்கே ஆரம்பகாலத் தூண்டுதல்களில் ஒன்று. 1960-களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரும்புக் காடுகளில் வார்னர், டுவோமி என்ற இரு ஆய்வாளர்கள் தீ வைத்த வயல்களுக்கு மேலே விமானத்தில் பறந்து அளந்தார்கள். புகை கலந்த மேகத்தில் துளிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது, அளவு சிறுத்திருந்தது. இந்த முடிவு 1967-இல் வெளியானது, இன்றுவரை அசையவில்லை. அடுத்த ஆண்டே வார்னர் பண்டபெர்க் பகுதியின் அறுபது ஆண்டு மழைக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, கரும்பு வெட்டு மாதங்களில் புகை போகும் திசையில் மழையில் கால் பங்கு குறைந்திருப்பதாக எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு அவரே மற்ற கரும்புப் பகுதிகளின் கணக்கையும் எடுத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. அதையும் ஒளிக்காமல் 1971-இல் சொல்லிவிட்டார். ஆக, புகை துளியைச் சிறுக்க வைக்கிறது என்பது உறுதி. மழையைக் குறைக்கிறது என்பதற்கு வாய்ப்பு உண்டு, நிரூபணம் இல்லை.

உங்கள் வயலுக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆர்பானில் உலர்ந்த தோகை சுமார் 4 டன் என்று வையுங்கள். ஒரு கிலோ காய்ந்த தழை எரிந்தால், தோராயமாக, ஆயிரம் லட்சம் கோடி துகள்கள் கிளம்பும்: ஒன்றுக்குப் பின்னால் 15 பூஜ்ஜியம். 4 டன்னுக்கு அதை 4000-ஆல் பெருக்குங்கள். ஒரு கன கிலோமீட்டர் காற்றில் கன சென்டிமீட்டருக்கு 100 துகள் கூட்ட 17 பூஜ்ஜிய எண்ணிக்கை போதும். எனவே ஓர் ஆர்பான் புகை 40 கன கிலோமீட்டர் காற்றில், அதாவது 40 சதுர கி.மீ. பரப்பில் ஒரு கி.மீ. உயரம் வரை, கடலின் இயல்பான அளவை இரட்டிப்பாக்கப் போதுமானது. கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் விழுகிறதே கரித்தோகை, அதற்கு மேகத்தில் எந்த வேலையும் இல்லை. அது கனமானது, அருகிலேயே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் கரு.

அப்படியானால் ஏன் நிரூபிக்க முடியவில்லை? முதலாவது, காலம். நம் கரும்பு வெட்டு ஜூன், ஜூலையில் தொடங்கி டிசம்பர் வரை ஓடுகிறது. அந்த மாதங்களில் பாதி நமக்கு எப்படியும் வறண்ட காலம். அக்டோபர்தான் ஆண்டிலேயே மழை குறைந்த மாதம். தீ வைக்காவிட்டாலும் மழை குறைவாகத்தான் இருக்கும். பழி புகைமேல் விழுவது சுலபம். இரண்டாவது, காற்று. ஃபிளாக்கில் எழும் புகையை வணிகக் காற்று மேற்கே தள்ளிக்கொண்டு போய்விடும். உங்கள் மழைமானி அதைப் பார்க்கவே பார்க்காது. மெய்யாகவே சோதிக்க விரும்பினால் வயலுக்குக் காற்று வரும் பக்கம் ஒரு மழைமானி, புகை போகும் பக்கம் 10 கி.மீ. தள்ளி ஒன்று வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்து, தீ வைத்த நாளையும் குறித்து வாருங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும், மொத்த மழையை அல்ல. மழை ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக மாறுவதால் ஐந்தாறு வருடக் கணக்கு போதாது. வார்னர் அறுபது வருடக் கணக்கை வைத்துக்கொண்டே தடுமாறினார்.

நம் யோசனையைக் கேட்டால், மழைக்காக அல்ல, மண்ணுக்காகத் தீயை விடலாம். பச்சையாக வெட்டித் தோகையை வரிசைகளுக்கு இடையில் பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் குறையும்.

கேள்வி: மேகத்துக்குத் துகள் வேண்டும் என்று காட்டப் பள்ளிக் கண்காட்சிக்குப் "போத்தலில் மேகம்" செய்து பார்த்தேன். வீட்டில் வந்தது, பள்ளியில் வரவில்லை. வத்திப் புகை போடாமலே வந்துவிட்டதால் ஆசிரியை "உன் நிரூபணம் தப்பு" என்றார். – மாணவன், ரோஸ் ஹில்

பதில்: ஆசிரியை சொன்னது சரிதான் தம்பி, ஆனால் தப்பிலேயே பாடம் இருக்கிறது. முதலில் செய்முறையைச் சரிபார்ப்போம்.

ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் தெளிந்த பிளாஸ்டிக் போத்தல், மேல்தாள் உரித்தது. இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர், கை பொறுக்கும் சூடு போதும். மூடிக் குலுக்கி ஒரு நிமிடம் வை. மூடியைத் திற, ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஊதி அணைத்து, புகையும் முனையைப் போத்தலின் வாய்க்குள் இரண்டு நொடி நீட்டிப் போத்தலை லேசாக அமுக்கி விட்டால் புகை உள்ளே இழுபடும். இறுக்கி மூடு. இரண்டு கையாலும் பலமாக அமுக்கி ஐந்து நொடி பிடித்திரு, சட்டென்று விடு. அழுத்தம் இறங்கும்போது காற்று சில டிகிரி குளிர்ந்து மேகம் தோன்றும். பின்னால் கறுப்புத் துணி, பக்கவாட்டில் டார்ச். இவை இல்லாவிட்டால் மேகம் இருந்தாலும் கண்ணில் படாது. பள்ளியில் உனக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான், வெளிச்சமான அறை. அடுத்த சந்தேகம் மூடி: மூடிய போத்தலைத் தண்ணீரில் முக்கி அமுக்கிப் பார், குமிழி வந்தால் காற்று கசிகிறது. கொதிநீர் ஊற்றினால் சுவரெல்லாம் வியர்த்து உள்ளே எதுவும் தெரியாமல் போகும், போத்தலும் நெளியும். புகையை அள்ளிப் போட்டாலும் கெடும்; உள்ளே நிற்பது மேகமா புகையா என்றே தெரியாது. சோதனை எளிது: மறுபடி அமுக்கு. மேகம் மறையும், புகை மறையாது.

வத்தியில்லாமல் ஏன் வந்தது? அறைக் காற்றிலேயே கன சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான துகள் இருக்கிறது. நீ "சுத்தம்" என்று நினைத்தது சுத்தமல்ல. இதையே 1875-இல் பிரான்சில் கூலியேவும், சில ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்தில் எய்ட்கனும் கண்டார்கள்: பஞ்சில் வடிகட்டிய காற்றில் மேகம் வரவில்லை. உனக்குப் பஞ்சும் வேண்டாம். புகை போடாமல், மூடியைத் திறக்காமல், மேகம் உண்டாக்கி ஐந்து நிமிடம் அசையாமல் வை. துளிகள் தம் கருவோடு கீழே இறங்கித் தண்ணீரில் சேரும். இப்படிப் பத்துப் பதினைந்து முறை செய். ஒவ்வொரு தடவையும் மேகம் மெலியும், துளிகள் குறைந்து பெரிதாகி டார்ச் ஒளியில் ஒவ்வொன்றாக மின்னும். ஒரு கட்டத்தில் மேகம் வராது. அப்போது வத்திப் புகையை விட்டால் ஒரே அமுக்கில் பால்போல வெளுக்கும். கண்காட்சியில் இதைக் காட்டு.

இன்னும் ஒரு படி போக ஆசையா? இரண்டு போத்தல், ஒன்றில் ஒரு குச்சிப் புகை, மற்றதில் மூன்று. தண்ணீர், சூடு, அமுக்கு எல்லாம் ஒன்றே. மூன்று குச்சிப் போத்தல் கூடுதலாக வெளுத்து, நெடுநேரம் நிற்கும். கணக்கு இது: ஒரே மாவை எட்டு மடங்கு உருண்டையாக உருட்டினால் ஒவ்வொன்றின் விட்டமும் பாதியாகும், மொத்த மேற்பரப்பு இரண்டு மடங்காகும். மேற்பரப்பு கூடினால் ஒளி கூடுதலாகத் திரும்பும். புகைபட்ட மேகம் சூரியனை அதிகமாகத் திருப்பி அனுப்பும் என்று 1974-இல் டுவோமி எழுதினாரே, அதற்குப் போத்தல் அளவில் சாட்சி இது.

கேள்வி: கடற்கரையை ஒட்டிய வீட்டில் நுண்துகள் அளக்கும் சின்னக் கருவி ஒன்று மாட்டினேன். பக்கத்தில் தொழிற்சாலையும் இல்லை, தீயும் இல்லை; விடிகாலையில் மட்டும் நகரம் போல எண் ஏறுகிறது. கருவி பழுதா? – வாசகர், மஹேபூர்

பதில்: கருவி நன்றாக இருக்கிறது, ஏமாந்துவிட்டது. அது துகளை எடை போடுவதில்லை. லேசர் ஒளியைச் சிதறடிக்கும் அளவைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. உப்புத் துகள் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் கரைந்து துளியாகிவிடும். 80-இல் விட்டம் ஏறத்தாழ இரட்டிப்பு, கொள்ளளவு எட்டு மடங்கு. நீங்கள் விடிகாலையில் அளப்பது தண்ணீரை. இன்னொரு குசும்பும் உண்டு: ஒருமுறை கரைந்த உப்பு, ஈரப்பதம் 75-க்குக் கீழே வந்தாலும் உடனே காயாது, 45 அளவுக்கு இறங்கினால்தான் மறுபடி படிகமாகும். நம் கரையில் அது எங்கே இறங்கப் போகிறது!

செய்ய வேண்டியது: கருவியோடு ஈரப்பத அளவையும் பதிவு செய்யுங்கள். 80 விழுக்காட்டுக்கு மேல் போன மணி நேரங்களை விலக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள். தாழ்வாரத்தின் கீழே, இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், வெயிலும் அலைத் தெறிப்பும் படாத பக்கம், சமையலறைப் புகைபோக்கிக்கு எதிர்ப்புறம் மாட்டுங்கள். முடிந்தால் இரண்டு கருவிகளை ஒரு வாரம் அருகருகே வைத்து ஒத்துப் போகிறதா என்று பார்த்தபிறகே எண்ணை நம்புங்கள். உள்ளே இருக்கும் சின்ன விசிறியைத்தான் உப்பு முதலில் தின்னும். சத்தம் மாறினால் மாற்றுங்கள். பி.எம். 10 (10 மைக்ரான் வரை விட்டமுள்ள துகள்கள்; 2.5, 1 என்பனவும் அப்படியே) என்று அது காட்டும் எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள், இந்த விலைக் கருவிகளில் அது பெரும்பாலும் ஊகம். கடலுப்பில் பெரும்பகுதி அந்தத் தடித்த ரகத்தில்தான் இருக்கிறது. பி.எம். 2.5-க்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். காய்ந்த பகலிலும் அதைத் தாண்டி, அதில் பி.எம். 1 பெரும்பங்காக இருந்தால் புகை என்று சந்தேகிக்கலாம்.

கேள்வி: மழை வேண்டி யாகம் செய்கிறார்களே, அந்தப் புகை மேகத்துக்குக் கருவாகிறது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். அறிவியல்படி சரியா? – வாசகி, வகோவா

பதில்: கருவாகும், உண்மை. ஆனால் நம் வானத்தில் கருவுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் ஈரத்துக்கும் ஏற்றத்துக்கும். கரு கூடினால் துளி சிறுக்கும் என்று மேலே பார்த்தோம். அதன்படி புகை ஏதாவது செய்தால் மழைக்கு எதிராகத்தான் செய்யும். வேண்டுதல் வேறு, அதை அறிவியல் ஆதாரத்தில் நிறுத்த வேண்டிய கட்டாயம் பக்திக்கு இல்லை. இதே வரிசையில் பலர் கேட்கும், செயற்கை மழைக்காக மேகத்தில் தூவும் வெள்ளி அயோடைடும் கியூர்பிப் மேகத்துக்கு உதவாது. மைனஸ் 5 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த மேகத்தில்தான் அதற்கு வேலை.

கேள்வி: வகாஷியோ கப்பலில் இருந்தது "கந்தகம் குறைந்த புது எண்ணெய்" என்றார்கள். அந்த எண்ணெய் வந்ததால்தான் உலகம் சூடேறுகிறது என்று இப்போது சொல்கிறார்களே? – வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: இரண்டிலும் கொஞ்சம் உண்மை. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் வரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5-க்கு இறங்கியது. அதே ஆண்டு ஜூலை 25-இல் புவாண்ட் தெஸ்னி அருகே தரைதட்டிய வகாஷியோவில் இருந்தது இந்த ரக எண்ணெய்தான். கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகி, காற்றில் சல்பேட் துகளாகி, மேகக் கருவாகிறது. முன்பெல்லாம் தாழ்ந்த மேகப் படலத்தின்மேல் கப்பல் போன தடம் வெள்ளைக் கோடாகச் செயற்கைக்கோள் படத்தில் தெரியும். புது விதிக்குப் பிறகு அந்தக் கோடுகள் வெகுவாகக் குறைந்தன. கோடு மறைந்த இடத்தில் கூடுதல் வெயில் கடலுக்குப் போகிறது.

எவ்வளவு என்பதில்தான் சண்டை. மனிதன் கிளப்பும் எல்லாத் துகளும் சேர்ந்து, 1750-லிருந்து 2019 வரை, சதுர மீட்டருக்கு சுமார் 1.1 வாட் குளிர்வித்ததாக ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை சொல்கிறது, ஆனால் 0.4-ஆகவும் இருக்கலாம், 1.7-ஆகவும் இருக்கலாம் என்கிறது. கரியமில வாயு ஒன்றின் சூடேற்றம் 2.16 வாட்; அதில் இவ்வளவு தயக்கம் இல்லை. துகள் கணக்கு இப்படி ஊசலாடுவதற்கு முக்கியக் காரணம் மேகம்தான். கப்பல் எண்ணெயின் பங்கு இந்த மொத்தத்தில் சிறியது. அடிப்படைச் சூடேற்றம் பசுங்குடில் வாயுக்களுடையது. கந்தகம் அதன்மேல் போட்டிருந்த திரை, அதில் ஓர் ஓரம் விலகியிருக்கிறது. அதற்காகத் திரையைத் திரும்பப் போடச் சொல்ல முடியாது. அந்தத் துகளைத் துறைமுகத்துப் பிள்ளைகளும் சேர்த்தே சுவாசித்தார்கள். துகள் ஒரு வாரத்தில் மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகளுக்கு நிற்கும்.

கேள்வி: எங்கள் ஃபுர்னேஸ் எரிமலை அடிக்கடி வெடிக்கிறது. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை உலகையே குளிர வைத்ததாகப் படித்தேன். நம்முடையது ஏன் அப்படிச் செய்வதில்லை? – வாசகர், சென் பியேர், ரியூனியன்

பதில்: உயரம் போதவில்லை. பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் 2632 மீட்டர். அதன் குழம்பு நீர்த்து வழியும் ரகம், வாயு சில கி.மீ. உயரத்தோடு நின்றுவிடும். அங்கே மழை இருக்கிறது, சில நாளில் கழுவிவிடும். உச்சிக் குழியே முந்நூறு மீட்டர் அளவுக்கு உள்வாங்கிய 2007 ஏப்ரல் வெடிப்பும் உலகத் தட்பவெப்பத்தை அசைக்கவில்லை. 1991 ஜூனில் பினாட்டுபோ 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மழைக்கு எட்டாத அடுக்குக்கு, 30 கி.மீ.க்கும் மேலே, எறிந்தது. உலகச் சராசரி வெப்பம் அடுத்த ஓரிரு ஆண்டுகள் அரை டிகிரி அளவுக்குத் தாழ்ந்தது. அளவும் வேண்டும், கந்தகமும் வேண்டும்: 2022 ஜனவரி 15-இல் டோங்கா கடலடி எரிமலை அதைவிட உயரமாக எறிந்தும், போனது பெரும்பாலும் நீராவி, கந்தகம் பினாட்டுபோவில் முப்பதில் ஒரு பங்கு அளவே. அந்தப் படலம் ஒரு வாரத்துக்குள் உங்கள் தலைக்கு மேல் வந்ததை மயிதோ மலை ஆய்வகத்தின் லேசர்க் கருவி பிடித்தது.

நம் பக்கத்தில் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1883 ஆகஸ்டில் கிரகடோவா வெடித்த சத்தம் 4800 கி.மீ. தள்ளி ரோட்ரிக்ஸ் தீவில் பீரங்கி முழக்கம் போலக் கேட்டது.

கேள்வி: செப்டம்பர், அக்டோபரில் சில நாள் சூரியன் மறையும் முன்பே மங்கிச் சிவந்துவிடுகிறது. காற்றோ கடலிலிருந்துதான் வீசுகிறது. இந்தப் புகை எங்கிருந்து? – வாசகி, ஃபிளிக் என் ஃபிளாக்

பதில்: ஆப்பிரிக்காவிலிருந்து. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதிப் புல்வெளித் தீக்களில் கிளம்பும் புகை மூன்று நான்கு கி.மீ. உயரம் ஏறி, அங்கே வீசும் மேற்குக் காற்றில் நம் பக்கம் வருகிறது. உங்கள் முகத்தில் படும் தென்கிழக்குக் காற்றுக்கு மேலே, எதிர்த்திசையில். அதனால்தான் மூக்குக்குத் தெரியாமல் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. கடலுப்பு மங்கலா புகையா என்று பிரித்துப் பார்க்க, மாலையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தைப் பாருங்கள்: வெளுத்திருந்தால் உப்பு, பழுப்பேறியிருந்தால் புகை. சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.